ஐஸ் பெட்டிக்குள் செய்த நச்சுமேகம்

நாடகப் படப்பிடிப்புக்காக நாங்கள் செய்த பொய்யான நச்சுப்புகை கடைசியில் முழங்காலுக்கு மேலே எழும்பாமல் ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊர்ந்துபோனது. அதற்குத் தேவைப்பட்டவை 1500 வாட் புகை இயந்திரம் ஒன்று, மீன் வியாபாரிகளின் ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டி ஒன்று, இரண்டு துண்டு எஸ்லோன் (பிவிசி) பைப், ஒரு பலகை, சில மூட்டை ஐஸ். குறைந்த பணத்தில் பேரிடர் நாடகம் எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்பதற்காக வேலையை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறோம்.

நாடகம் 45 நிமிடம். கொழும்பு வடக்கில், கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஒரு கற்பனை ஐஸ் தொழிற்சாலையில் விடிவதற்கு முன் குளிரூட்டும் அமோனியாக் குழாய் வெடிக்கிறது. குடியிருப்புகளுக்கு நடுவே 3 மீற்றர் அகலமான ஒழுங்கை. அதற்குள் வெள்ளை மேகம் இறங்கி வருகிறது. நூற்றுக்கணக்கான சனம். எங்களிடம் இருந்த துணை நடிகர்கள் 24 பேர்.

எந்த வாயு, எந்தக் காற்று

அமோனியாவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் செலவு. குளோரின் என்றால் மஞ்சள் கலந்த பச்சை நிறம் காட்ட வேண்டும். பச்சை வடிகட்டி போட்ட வெளிச்சத்தைப் புகையில் அடித்தால் சுவர், முகம், சட்டை எல்லாமே பச்சையாகிவிடும். கலியாண வீட்டு மேடைபோல் இருக்கும். அமோனியாவுக்கு நிறம் இல்லை. வாயுவாக அது காற்றைவிட லேசானது. ஆனால் அழுத்தத்தில் திரவமாக வைத்திருக்கும் அமோனியாவின் கொதிநிலை மறை 33 பாகை செல்சியஸ். குழாய் பிளந்தால் அது குளிர்ந்த துளிகளாகப் பீச்சி, காற்றிலுள்ள ஈரத்தையும் உறையவைத்து, பாரமான வெள்ளைப் பனியாகத் தரையோடு படரும். ஆகவே தரையில் ஊரும் வெள்ளைப் புகை இங்கே வெறும் பாவனை அல்ல, நடக்கக்கூடியதே நடக்கிறது. விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்தாலும் குறை சொல்லமாட்டார்.

அடுத்தது காற்று. கதையின் முதல் வடிவத்தில் தொழிற்சாலை கடலோரத்தில் இருந்தது. கொழும்பில் பருவக்காற்று ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் இரவிலும் விடியலிலும் தரைக்காற்றுத்தான் வீசும். மேகம் நேரே கடலுக்குப் போய்விடும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. கடற்காற்று எழும்ப காலை நன்றாக ஏற வேண்டும். அதனால் தொழிற்சாலையைக் கிழக்கே தள்ளினோம். அந்த ஒரு மாற்றத்தோடு கதைக்கே உயிர் வந்தது. சனம் வெளியான இடம் தேடிக் கடற்கரைப் பக்கம் ஓடுகிறது. மேகமும் அதே பக்கம் போகிறது. தப்ப வேண்டுமானால் காற்றுக்குக் குறுக்கே, பக்கத்து வீட்டு மதிலேறிக் குதிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஐ நினைவில் வைத்திருக்கும் வயதானவர்கள் கடலைப் பார்த்து ஓட மறுப்பதும் இதனால் கதைக்குள் தானாகவே வந்தது. இப்படியான நாடகம் எழுதுகிறவர்கள் வசனத்துக்கு முன் காற்றின் திசையை எழுதிக்கொள்வது நல்லது.

உலர்பனியை ஏன் விட்டோம்

பாரமான புகை என்றதும் எல்லாரும் சொல்வது உலர்பனி. சுடுதண்ணீரில் போட்டால் அருமையான புகை வரும், சந்தேகமில்லை. ஆனால் அது உறைந்த காபனீரொட்சைட்டு. 1 கிலோ உலர்பனி ஆவியானால் 500 லீற்றருக்கு மேல் வாயு வரும். 3 மீற்றருக்கு 4 மீற்றர், உயரம் 3 மீற்றர் என்ற சாதாரண அறையின் கனவளவு 36 கனமீற்றர். அதில் 5 கிலோ கரைத்தால் அறைக்காற்றில் ஏறக்குறைய 7 வீதம் காபனீரொட்சைட்டு. 4 வீதமே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. அதுவும் அந்த வாயு மேலே கலக்காமல் கீழேதான் தேங்கும். பேரிடர் நாடகத்தில் கீழே கிடப்பது யார்? இறந்தவர்களாக நடிப்பவர்கள், அவர்களில் பிள்ளைகளும் உண்டு. பொய்யான நச்சுவாயுக் காட்சியில் நிஜமான மூச்சடைப்பு வரலாம், கிடப்பவர் அசையாததை எல்லாரும் நல்ல நடிப்பு என்று நினைத்துவிடலாம். ஒழுங்கை திறந்த வெளிதானே என்று சமாதானம் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் மதில், காற்றில்லாத நேரம் பார்த்துத்தான் எடுக்கிறோம். ஆட்கள் இருக்கும் எந்தக் காட்சிக்கும் உலர்பனி வேண்டாம் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

பெட்டி

புகை இயந்திரத்தின் திரவம் கிளைக்கோலும் தண்ணீரும் கலந்தது. சூடான குழாயில் ஆவியாகி வெளியே வருவதால், நேரடியாக விட்டால் இடுப்பளவுக்கு எழும்பிக் கலைந்துவிடும். கொழும்பின் 30 பாகைச் சூட்டில் இன்னும் மோசம். அதை ஐஸின் மேலாகக் கடத்திக் குளிர்வித்தால் தரையில் நிற்கும்.

எடுத்த பெட்டி 75 சென்றிமீற்றர் நீளம், 50 அகலம், 45 உயரம். அடியிலிருந்து 8 சென்றிமீற்றர் உயரத்தில் செங்கல் துண்டுகளை வைத்து அதன்மேல் கோழிக்கூட்டு வலை இரண்டு மடிப்பு. வலைக்கு மேலே ஐஸ். உருகும் தண்ணீர் கீழே சேரும். அதற்கு ஒரு மூலையில் துளையும் தக்கையும். இந்தத் துளை இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளிவாய் வரை ஏறிப் புகையை அடைத்துவிடும்.

உள்வாய் ஒரு பக்கத்தில் மேலே, வெளிவாய் எதிர்ப்பக்கத்தில் கீழே. குளிர்ந்த புகை தானாகவே கீழே இறங்கும், அதைத் தள்ள விசிறி தேவையில்லை. விசிறி வைத்தால் புகை கலங்கி மறுபடியும் எழும்பும். உள்வாய்க்கு இரண்டு பக்கமும் வெட்டிய குழந்தைப் பால்மா டின் பாவித்தோம். இயந்திரத்தின் மூக்கு கடுமையாகச் சுடும், ரெஜிபோமில் பட்டால் உருகிவிடும். மூக்கை டின்னுக்குள் செருகவும் கூடாது. 3 முதல் 4 சென்றிமீற்றர் இடைவெளி விட்டால்தான் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே இழுபடும். ஒட்டிவைத்தால் புகை பெட்டிக்குள் போகாமல் திரும்பி வந்து இயந்திரத்தின் வாயிலேயே திரவமாகச் சொட்டும்.

ஐஸின் அளவு முக்கியம். கட்டியாக வைத்தால் புகை படுகிற பரப்புப் போதாது. நொறுக்கி வைத்தால் இடுக்கு அடைபட்டுப் புகை கடக்காது. ஒவ்வொன்றும் 5, 6 சென்றிமீற்றர் வருமாறு மரச் சுத்தியலால் உடைத்ததுதான் சரிவந்தது. 1500 வாட் இயந்திரம் ஒரு நிமிடம் ஓடினால் 90 கிலோஜூல் வெப்பம். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். கணக்கின்படி நிமிடத்துக்குக் கால் கிலோ போதும். உள்ளே வரும் வெளிக்காற்றையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோவுக்குக் குறைவாகப் பெட்டியை நிரப்ப வேண்டாம். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்புப் போட்டால் குளிர் வெகுவாகக் கூடும், ஆனால் ஐஸ் வேகமாகத் தீரும், உப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கும். ஐஸ் குறைந்துகொண்டு வரும்போது கடைசி ஒரு காட்சிக்காக மட்டும் போடலாம்.

பைப்பும் அணையும்

வெளிவாயிலிருந்து 110 மில்லிமீற்றர் எஸ்லோன் பைப். 6 மீற்றர் நீளத்தை இரண்டாக வெட்டி மதிலோரமாகப் படுக்கவைத்தோம். 15 சென்றிமீற்றருக்கு ஒரு துளை, கீழ்நோக்கிச் சரிவாக. எல்லாத் துளையையும் ஒரே அளவில் போட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் புகை குவியும், முனைக்கு ஒன்றும் வராது. பெட்டிப் பக்கத்தில் 8 மில்லிமீற்றரில் தொடங்கி முனையில் 14 மில்லிமீற்றரில் முடித்தால் நீளம் முழுக்க ஒரேயளவாகக் கசியும். முனையை மூடியால் அடைக்க மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் புகை மெல்லப் பரவும், அவ்வளவுதான். மேகம் "வருகிறது" என்ற பயம் அதில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது பலகை அணை. 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, 60 சென்றிமீற்றர் உயரம், ஒழுங்கையின் முழு அகலம். அடியில் ஈரச் சாக்கு திணித்து இடுக்கை அடைக்க வேண்டும். இயந்திரம் ஒரே மூச்சில் 30, 40 செக்கன்தான் புகை விடும். பிறகு சூடேற ஓரிரு நிமிடம் எடுக்கும். அணைக்குப் பின்னால் மூன்று நான்கு தடவை விட்டுச் சேர்த்து, புகை பலகையின் விளிம்பைத் தொடும்போது இரண்டு பேர் பலகையைத் தரையோடு சாய்க்க வேண்டும். சாய்க்கும் வேகம் 2 முதல் 3 செக்கன். வெடுக்கென்று இழுத்தால் சுழி எழும்பிப் புகை மேலே போய்விடும். சரியாகச் சாய்த்தால் முன்விளிம்பு சுருண்டு உருண்டு, வாசல்படிகளில் ஏறாமல் அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு வரும். முழு நாடகத்திலும் மேகம் உண்மையாகத் தெரிவது அந்த 10, 12 செக்கனில்தான்.

ஒழுங்கையை முன்கூட்டியே தண்ணீர் தெளித்துக் குளிர்வித்தால் புகை இன்னும் நேரம் தாங்கும். ஆனால் ஈரத் தரையும் மின்சாரமும் சேருகிற இடம் அது. 1500 வாட் என்றால் 230 வோல்ற்றில் 6.5 அம்பியர், நீட்டிப்பு வயரை உருளையில் சுற்றியபடியே பாவித்தால் சூடாகி உருகும், முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் எதையும் செருக வேண்டாம். இணைப்புகள் எல்லாம் தரையிலிருந்து உயர்ந்து, கவிழ்த்த வாளிகளின் மேல் இருக்கட்டும். இயந்திரத்தின் சூடாக்கி எரிந்தணையும்போது சின்ன ஜெனரேட்டரின் வோல்ற்றளவு இறங்கும், கூடவே மின்குமிழ்களும் மங்கும். வெளிச்சத்தை பற்றரி எல்இடியில் பிரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: கிளைக்கோல் சீமெந்துத் தரையில் எண்ணெய்ப் படலம்போல் படியும். ஓடும் காட்சிக்கு முன் ஓடுகிற தடத்தைத் துடைத்தாக வேண்டும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் முதலில் வழுக்குவது அங்கேதான்.

கமரா

உயரம் தரையிலிருந்து 40 சென்றிமீற்றர். நின்றபடி எடுத்தால் முழங்காலளவுப் புகை மெல்லிய விரிப்பாகத் தெரியும். தாழ்த்தினால் மலைபோல் நிற்கும். வெளிச்சம் பின்னாலிருந்து, சற்றுச் சரிவாக. முன்னாலிருந்து அடித்தால் சாம்பல் சுவர்தான் மிஞ்சும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே செக்கனுக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று. வீதி விளக்குத் துடிக்காது.

நேரம் விடியல். ஊதுபத்தி கொளுத்தித் தரையோடு பிடித்துப் பாருங்கள், புகை நேராக எழும்பினால் தொடங்கலாம். தாழ்ந்த அகலக் காட்சிகளை ஐஸ் புதிதாக இருக்கும்போது முதலில் முடித்துவிட்டு, முகக் கிட்டக்காட்சிகளைப் பிறகு எடுப்பதே சரியான ஒழுங்கு. ஐஸ் உருகிப் புகை எழும்பத் தொடங்கினாலும் கிட்டக்காட்சியில் அது குறையாகத் தெரியாது.

24 பேரை 72 பேராக்கக் கமராவை அசையாமல் பூட்டி, வெளிச்ச அளவு, நிறச்சமன், குவியம் எல்லாவற்றையும் கையால் நிறுத்தி, அதே ஆட்களை மூன்று இடத்தில் நிற்கவைத்து மூன்று தடவை எடுத்து ஒரே சட்டகத்தில் ஒட்டினோம். ஒவ்வொரு தடவைக்கும் மேற்சட்டை மாற்றம். இங்கே வழமையாகப் பிழைப்பது புகைதான். மூன்று தடவையும் புகை விட்டால் ஒட்டும் கோடுகளில் மேகம் வெட்டுப்படும். ஆட்களைப் புகையில்லாமல் எடுத்து, கடைசியாக ஆளில்லாத ஒழுங்கையில் புகையை மட்டும் எடுத்து மேலே படியவைக்க வேண்டும். பின்னணி இருட்டாகவும் புகை பின்வெளிச்சத்திலும் இருந்தால் அது சுத்தமாகப் பொருந்தும். கொழும்பில் விடியல் மங்கல் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான். நான்கு எடுப்பும் அதன் பாதிக்குள் முடியாவிட்டால் வானத்தின் நிறம் ஒத்துவராது.

ஓடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. 1984 டிசம்பரில் போபாலில் ஓடியவர்கள் மூச்சு வாங்கி மேலும் அதிக நச்சை உள்ளிழுத்தார்கள். ஆகவே "அக்கா, பத்தடி ஓடுங்க, பிறகு ஓட முடியாமல் நடங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டப்போட்டியாக இருந்த காட்சி உடனே மாறிவிடும்.

மஞ்சள் துணி

இத்தனை ஏற்பாட்டுக்கும் மேலே பார்ப்பவரைப் பிடித்து உலுக்குகிற காட்சிக்கு ஆன செலவு மிகச் சிறிது. அமோனியா காரம். மஞ்சள் காரத்தில் சிவக்கும். ஆலாத்தி கரைக்கிற எந்த வீட்டுக்கும் தெரிந்த விஷயம். நேர்த்திக்காகச் சில்லறை முடிந்து கதவுநிலையில் கட்டிய மஞ்சள் துணி ஒன்று, ஈரமாக இருக்கிறது. மேகம் இன்னும் சட்டகத்துக்குள் வரவில்லை. துணியின் கீழ் ஓரம் செம்மண் நிறமாக மாறி, மெல்ல முடிச்சுவரை ஏறுகிறது.

செய்யும் விதம்: வெள்ளைப் பருத்தித் துணியை, 1 லீற்றர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி மஞ்சள் போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவைத்துத் தோய்க்க வேண்டும். கலப்பட மஞ்சள் ஒழுங்காகச் சிவக்காது, ஒரு துண்டில் முன்பே சோதியுங்கள். 1 லீற்றர் தண்ணீரில் 1 தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஒரு இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் விசிறிப் போத்தலில் எடுக்க வேண்டும். கலங்கல் சேர்ந்தால் போத்தலின் மூக்கு அடைபடும், துணியிலும் வெள்ளைப் புள்ளி விழும். துணிக்குப் பின்னாலிருந்து, 30 சென்றிமீற்றர் தூரத்தில், கீழிருந்து மேலாக விசிற வேண்டும். முன்னாலிருந்து விசிறினால் துளி கமராவில் தெரியும். துணி காய்ந்திருந்தால் புள்ளி புள்ளியாகத்தான் மாறும். ஈரமென்றால் நிறம் தானே பரவி ஏறும். சுண்ணாம்புநீர் கண்ணில் படக்கூடாது, விசிறுகிறவர் கண்ணாடி போட வேண்டும். மறுபடியும் எடுக்கத் தேசிக்காய்ப் புளி தடவினால் மஞ்சள் நிறம் திரும்பும். ஆனால் நன்றாக அலசிவிடுங்கள், புளி மிஞ்சினால் அடுத்த விசிறலைத் தின்றுவிடும்.

இப்படியான ஒரு பொருளைக் கண்டுபிடித்த பிறகுதான் நாடகம் தன் காலில் நிற்கத் தொடங்கியது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைப் புகையின் அளவால் காட்டப் போனால் பணமுள்ளவர்களோடு போட்டியிட வேண்டும். வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொருள் மாறுவதைக் காட்டினால் அந்தப் போட்டியே இல்லை.

குழாய் பிளக்கும் பீச்சலுக்கு 5 கிலோ காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான், ஆளில்லாத திறந்த முற்றத்தில். ஒன்று 15 செக்கன் அளவில் தீரும், ஆகவே இரண்டு கமரா. உலர்தூள் தீயணைப்பான் வேண்டாம், அந்தத் தூள் லென்சுக்குள்ளும் மோட்டருக்குள்ளும் போய் அரிக்கும்.

சைரன், செய்தி

படப்பிடிப்பு இடத்தில் சைரன் ஒலிக்கவே கூடாது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் எவ்வளவு தூரம்? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் விடியற்காலைச் சைரனும் ஓடும் சனமும் என்ன செய்யும் என்பதை யோசிக்காமல் கமரா வைக்க எவருக்கும் உரிமையில்லை. நடிகர்களுக்குச் சிவப்பு விளக்குச் சைகை. சைரன் ஒலித்தொகுப்பில் சேர்ந்தது. பொலிசுக்கு எழுத்தில் அறிவித்ததோடு, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட தாளை முதல்நாள் வீடு வீடாகக் கொடுத்தோம். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீடுகளைக் கேட்டுக் குறித்து, அந்த வாசல்களிலிருந்து பைப்பைத் தள்ளி வைக்க வேண்டும்.

நாடகத்துக்குள் வரும் செய்தி அறிவிப்புக்குக் கற்பனை அலைவரிசை, கற்பனைச் சின்னம். 117, 1990 போன்ற நிஜ அவசர எண்களைத் திரையில் போடவில்லை. துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் நிஜச் செய்தியாகிவிடும் என்பதால் "நாடகக் காட்சி" என்ற எழுத்தை அறிவிப்பாளரின் தோளுக்குப் பின்னால், வெட்டி எடுக்க முடியாத இடத்தில், இரண்டு மொழியிலும் பதித்தோம். காட்சியின் அழுத்தம் சற்றுக் குறைகிறது, உண்மைதான். குறையட்டும்.

செலவு, அடுத்த முறை

விலைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதனால் 100 ரூபாய்க் கணக்கில்: சாப்பாடு, தேநீர், துணை நடிகர் கொடுப்பனவு 34; ஜெனரேட்டரும் விளக்கும் 28; போக்குவரத்து 12; இயந்திர வாடகையும் திரவமும் 9; ஐஸ் 6; பெட்டி, பைப், பலகை 5; அச்சும் அனுமதிக் கடிதங்களும் 3; மஞ்சள், துணி, ஒப்பனை, மற்றவை 3. மேகத்துக்கு நேரடியாகப் போனது 20 ரூபாய்தான்.

அடுத்த முறை பெட்டி இரண்டு வேண்டும்: ஒன்று ஓடும்போது மற்றதற்கு ஐஸ் நிரப்பலாம். பலகை அணையைக் கீல் போட்டு ஒரே ஆள் சாய்க்கும்படி செய்யலாம். இரண்டு பேர் சாய்க்கும்போது ஒரு பக்கம் முந்திவிட்டால் மேகத்தின் முன்விளிம்பு கோணலாகிறது. பைப்பைப் பாவித்த அன்றே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சரிவாக நிறுத்திக் காயவைக்க வேண்டும். உள்ளே கிளைக்கோல் தங்கினால் தூசி ஒட்டிச் சின்னத் துளைகள் முதலில் அடைபடும், அவற்றை 8 மில்லிமீற்றர் துறப்பணத்தைக் கையால் சுற்றித் திறக்கலாம்.